வறுத்த மணலும் என் கட்டை விரலும்

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஆறு பேர். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஆறு பேருக்கும் கல்யாணம் ஆகி, எண்ணூர் திருவொற்றியூர் என்று ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கிறார்கள். நான் கடைசி மகனோடு இருக்கிறேன், காசிமேட்டில், வாரியக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகும். ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

என்னை எழுத வைத்தது என் மருமகள். எழுதச் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். டோல்கேட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அவசர வார்டில் அவள் வேலை செய்கிறாள், நர்சுகளுக்கு உதவியாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வலை பின்னுகிற கொட்டகையில் பெண்களை உட்கார வைத்து, நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது, மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கிறாள். அதில் ஒரு கதை சொல்வாள். "ஒரு அம்மா இருந்தாங்க" என்று ஆரம்பிப்பாள். பேர் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டியதே இல்லை, கொட்டகையில் இருக்கிற அத்தனை தலையும் என் வீட்டுப் பக்கம் திரும்பும். பாதிப் பேருக்கு அவள் வாயால் தெரிந்துவிட்டது. மீதிப் பேருக்காவது நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் கைவேலையைச் சொல்ல வேண்டும்.

லாஞ்சில், அதுதான் விசைப்படகில், போகிற ஆண்களுக்கு வலை இழுத்து இழுத்து மார்பும் தோளும் பிடித்துக்கொள்ளும். வலை வலி என்போம். அதற்கு நான் ஒத்தடம் கொடுப்பேன். அலை தொடாத மேட்டு மணலாக எடுத்துச் சலித்து, கல்லுப்போடு இரும்பு வாணலியில் வறுக்க வேண்டும். கறிவேப்பிலை ஒன்றைப் போட்டால் சுருள வேண்டும், கருகக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி, பழைய லுங்கித் துணியில் முடிந்தால் ஒத்தடம் தயார். மணல் வறுக்க யாராலும் முடியும். வலி இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. அதற்கு என் கட்டை விரல் இருந்தது. ஆளைப் பாயில் படுக்க வைத்து விலா எலும்பு ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போவேன். ஒரு இடத்தில் "யம்மா" என்று துள்ளுவான். மூட்டை அங்கே போகும். எங்கள் நாலு தெருவில் என் விரலுக்குக் கீழே துள்ளாத ஆம்பிளை கிடையாது. நான் வாங்கிக்கொண்டது ஒரு வெற்றிலை பாக்கு, அவ்வளவுதான். ஆனால் வாசலில் வந்து "ஆயா வூட்ல கீதா?" என்று கேட்கும் குரல் இருக்கிறதே, அது எனக்குச் சோறு மாதிரி.

மருமகள் வந்தது பன்னிரண்டு வருஷம் முன்னால். வியாசர்பாடிப் பெண். மகன் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து நேற்றையதா இன்றையதா என்று சொல்லத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஆறு மாதம் ஏதோ பயிற்சிக்குப் போனாள். பிறகு வேலை கிடைத்தது. பிறகு கைப்பையில் பிரஷர் பார்க்கும் மெஷின் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் வாசலில் குரல் கேட்டது. "அக்கா டூட்டி முடிஞ்சி வந்துட்டாங்களா?"

அதே வாசல். கேள்வி மட்டும் மாறிவிட்டது. நான் வாணலிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு எரிய ஆரம்பித்தது என் வயிறு.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பின. இரண்டு மாதம் சும்மா கிடந்த உடம்பு திடீரென்று வலை இழுத்தால் என்ன ஆகும்? முதல் நடையில் எல்லோருக்கும் வலை வலிதான். வருஷா வருஷம் எனக்கு அது திருவிழா. அன்று காலையிலேயே நாலு பேருக்கு ஒத்தடம் கொடுத்து முடித்திருந்தேன். பத்து மணி இருக்கும். எதிர் பிளாக்கில் இருக்கிற லாஞ்சு டிரைவர் மாடி ஏறி வந்தார். ஐம்பது வயது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, ஒத்தடம் குட்த்துடு. வல இஸ்த்த வலி."

"டிரைவருக்கு இன்னாத்துக்கு வல வலி? நீ சுக்கான் புடிச்சிகினு ஒக்காந்திருப்ப."

"ஆளு பத்தல, நானும் கைய வெச்சேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உள் அறையில் மருமகள் டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். அந்தப் பெருமை போதுமாக இருந்தது எனக்கு. பாயை விரித்துப் படுக்க வைத்தேன். விரலை வைத்தேன்.

"வலிக்கிதா?"

"இல்லக்கா."

அடுத்த எலும்பு. "இங்க?"

"இல்லக்கா. அங்க இல்ல, உள்ள. நெறஞ்ச மீன் பெட்டிய மேல வெச்ச மாரி கீது."

நான் இன்னும் பலமாக அமுக்கினேன். அவர் துள்ளவில்லை. தன் இடது கையைத் தானே பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? வயதாகிவிட்டது, என் விரலில் பலம் போய்விட்டது என்று நினைத்தேன். விரலைத்தான் சந்தேகப்பட்டேன். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்து மணலைக் கொட்டினேன்.

அவர் மூச்சு விடுகிற சத்தத்தில் மருமகள் எழுந்து வந்தாள். தலைமுடிகூட முடியவில்லை. பார்த்தவுடன் கீழே உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எப்போலேர்ந்துண்ணா?"

"மீன் எறக்கசொல்ல… ஒரு மணி நேரம் இருக்கும்."

"வலி எங்கயாச்சும் போவுதா?"

தாடையைத் தொட்டுக் காட்டினார். கையைக் காட்டினார். அவள் அவரை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து முழங்காலை மடக்கி உட்கார வைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். ஒரு கையில் போன், ஆம்புலன்ஸ்காரர்களோடு பேச்சு. வயிற்றில் புண் உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவர்கள் கேட்டதை அவரிடம் கேட்டாள். பிறகு அவர்கள் சொன்னபடி ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னாள். எல்லாம் ஒரே நிதானத்தில். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்த, அடுப்ப அணச்சிடு."

என் வீட்டில், என் அடுப்பை, என் வாணலியை. நான் அணைக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் எழுந்து நடக்கப் பார்த்தார். "ஓரடி எடுத்து வெக்கக் கூடாதுண்ணா" என்று தோளை அமுக்கிவிட்டாள். நாற்காலியில் வைத்து நாலு பேர் படியில் இறக்கிக்கொண்டு போனார்கள். அவளும் கூடப் போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது மணல் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் நான் மணலைக் கருக்கியது அன்று ஒரு நாள்தான்.

அவர் பிழைத்துக்கொண்டார். ரத்தக் குழாய் அடைத்திருந்ததாம், ஸ்பிரிங் வைத்தார்கள். அவர் மனைவி பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். மருமகள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் ஒரு ஆப்பிள் கொடுத்தாள். அதை அப்படியே பேத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மருமகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். பீற்றிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"நீ அமுக்கிப் பாத்தது சரிதான் அத்த. எங்க வார்டுலயும் அமுக்கிப் பாப்பாங்க. அமுக்குனா வலிச்சா பெரும்பாலும் சத வலி. அத மட்டும் நம்பி வுட்ற முடியாது. ஆனா வலிக்கலன்னா, வேர்த்து ஊத்துனா, கைக்கோ தாடைக்கோ போனா, உஷாராயிடணும். அவரு வலிக்கலன்னு சொல்லிட்டாரு. நீதான் கேட்டும் கேக்காத மாரி இருந்துட்ட."

"சர்தான் போ. எனக்குத் தெரியாததா" என்றேன். எழுந்து போய் முகம் கழுவினேன்.

முகம் கழுவப் போனது ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆறு பிள்ளைகளுக்கும் தெரியாது. இப்போது எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒரு மத்தியானம், சாப்பிட உட்காரும் முன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்தார். நான் விரலை வைத்தேன். "அங்க இல்லமே, உள்ள" என்றார். நான் இன்னும் பலமாக அமுக்கினேன். "வலிக்கலமே" என்றார். மணல் வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். நான் படுகிற பாட்டைப் பார்த்து, "இப்போ தேவலாம்" என்றார். எனக்காகச் சொன்னது அது. கண்ணை மூடினார். தூங்குகிறார் என்று சத்தம் போடாமல் பாத்திரம் கழுவினேன். நாலு மணிக்கு டீ போட்டு எழுப்பப் போனேன்.

அவருடைய நேரம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பதினெட்டு வருஷம் அதை நம்பினேன். அந்தச் சாயங்காலம் மருமகள் ஒரே பேச்சில் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள், பிடுங்கியது தெரியாமலேயே.

அதற்கப்புறம் எனக்கு இரண்டு பேர்மேல் பொறாமை. ஒன்று மருமகள். இன்னொன்று டிரைவரின் மனைவி. சாயங்காலத்தில் டிரைவரும் அவர் மனைவியும் கல்மண்டபம் பக்கம் நடக்கப் போவார்கள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். "பீடி வாசன வர்து, ஊதிக் காட்டு" என்று அவள் நடுத்தெருவில் புருஷனைத் திட்டிக்கொண்டே போவாள். நான் மாடியிலிருந்து பார்ப்பேன். அவளுக்குத் திட்ட ஆள் இருக்கிறது. நல்ல மனசுக்காரி இதைப் பார்த்து எரிய மாட்டாள். நான் எரிந்தேன்.

இனி என் மூச்சின் கதை.

துறைமுகத்தில் நான் ஏலம் போடுகிறவள். என் தொண்டை பேர்பெற்ற தொண்டை. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம், இந்த மூன்றையும் நான் ஒரே மூச்சில் விடுவேன். நடுவில் ஊசி நுழைய இடம் இருக்காது. மூணு விழுந்தால் மீன் கைமாறிவிட்டது. யாரும் சண்டைக்கு வர முடியாது.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அந்த மூச்சு குறைந்தது. முதலில் மாடிப்படியில் பாதியில் நின்றேன். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தால் விட்டது. ஒரு தலையணைக்கு இரண்டு வைத்தேன், அப்புறம் பேத்தியுடையதையும் எடுத்து மூன்றாக்கினேன். காலில் செருப்பு வார் பதிந்த தடம் குளித்து முடித்தும் போகவில்லை. புடவையை இறக்கிக் கட்டினேன்.

தெரியாமலா இருந்தேன்? கொட்டகைக்கு வெளியே இருக்கிற கடையில் உளுந்து வாங்குகிற மாதிரி நின்று அவள் பேச்சை நாலு ஞாயிறு கேட்டிருக்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது, எல்லாம் அவள் சொன்னதுதான். சொன்னால் அவள் ஒரே வீட்டில் இரண்டாம் முறை ஜெயித்துவிடுவாள். அவ்வளவுதான் காரணம். அதற்காக மூன்று வாரம் உயிரைப் பிடித்துக்கொண்டு கம்மென்று இருந்தேன்.

ஒரு விடியற்காலை, ஒரு கூடை சீலா மீன். நல்ல மீன். இரண்டு வியாபாரிப் பெண்கள் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். நான் ஒருதரம் என்றேன், ரெண்டுதரம் என்றேன். மூன்று வரவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று இல்லை. அந்த இடைவெளியில் தோற்றவள் புகுந்து இன்னும் ஏற்றிவிட்டாள்.

"ஏய், எனக்கு முடிஞ்சி பூட்ச்சு" என்றாள் முதலாமவள்.

"ஆயா மூணு சொல்லவே இல்லியே."

"சொல்லிட்டாங்க, ஒங்காதுல மீன் செதிலா அட்ச்சிகினு கீது?"

"நீயே சொல்லு ஆயா. சொன்னியா, சொல்லலியா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு அதற்குப் பதில் சொல்லவும் மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினேன். அது எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருமகள் வந்தாள். டூட்டி முடிந்து வருகிற வழியில் மீன் வாங்க வந்தவள்.

சண்டையை அவள் காதில் வாங்கவில்லை. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலுக்கு மேலே தன் கட்டை விரலை வைத்து அமுக்கினாள். எடுத்தாள். பணியாரச் சட்டி மாதிரி குழி அப்படியே நின்றது. அந்தக் குழியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் விரல் வேலையை எடுத்து என் காலிலேயே செய்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

"பாப்பா தலகாணி ரெண்டு வாரமா காணோம். உங்கிட்டயா கீது?"

"கேஸு… ஒரு சோடா… குட்ச்சா பூடும்."

"சோடாவா?"

"ஒத்தடம்… குட்த்தா…"

"சரி, நீ இங்கயே ஒக்காரு. நான் வூட்டுக்குப் போயி மணல வறுத்துக் கொண்டாரேன்."

"என் வாணலிய… தொட்டியோ…" அதற்குமேல் வரவில்லை.

"பாரு, திட்டக்கூட மூச்சு இல்ல" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். "நெஞ்சுல வலி கீதா அத்த?"

"இல்ல."

"வலிக்கலன்னு நீ சொல்றத, நானும் கேட்டும் கேக்காத மாரி வுட்டுடட்டா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து கேட்டிருந்தால்கூட அப்படி அடித்திருக்காது. எனக்கு எதிரே அந்த மத்தியானப் பாய் வந்து நின்றது. நான் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை என்னை ஓரடி நடக்க விடவில்லை, படுக்கவும் விடவில்லை. தன் முதுகை எனக்குச் சாய்மானமாகக் கொடுத்து அந்த மீன் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இதயத்துக்குப் பலம் குறைந்துவிட்டது, முன்பு எப்போதோ ஒரு அட்டாக் வலியில்லாமலே வந்து போயிருக்கலாம் என்றார் டாக்டர். எத்தனை நாளாக என்று கேட்டார். "ரெண்டு நாளா" என்றேன்.

பைலைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகள், "மூணு வாரம் இருக்கும் சார்" என்றாள். நான் அவளை முறைத்தேன். "அவங்க ஏலம் போட்றவங்க. மூச்ச அடக்கிப் பயக்கம். வேற ஆளா இருந்தா மொத வாரமே வியுந்திருப்பாங்க" என்றாள். டாக்டர் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். என் மூச்சைக் காப்பாற்றியதும் அல்லாமல் என் மானத்தையும் அவளே காப்பாற்றினாள். எனக்கு அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

ஆறு நாளில் வீடு வந்தேன். இப்போது என் குழம்பில் உப்பை அவள்தான் போடுகிறாள். போடுகிறாள் என்பது பேச்சுக்குச் சொல்வது. கருவாடு கண்ணால் பார்ப்பதோடு சரி. வாரத்தில் இரண்டு நாள் ஏலத்துக்குப் போகிறேன். மூணு சொல்ல முன்பைவிட நேரம் எடுக்கும். ரெண்டுக்கு அப்புறம் கையைத் தூக்கினால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டேன். கேட்கிறார்கள்.

ஒத்தடத்தையும் விடவில்லை. இந்தத் தடைக்காலம் முடிந்தும் ஆட்கள் வந்தார்கள், முன்பு போல அத்தனை பேர் இல்லை. விரலை வைப்பதற்கு முன்னால் கேட்கிறேன், எப்போதிலிருந்து, எங்கே போகிறது, வேர்த்ததா, மூச்சு வாங்குகிறதா என்று. ஒன்று சரியில்லை என்றாலும் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. ஆளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து அவளைக் கூப்பிடுகிறேன். கூப்பிடும்போது ஒவ்வொரு தடவையும் வயிறு எரியத்தான் செய்கிறது. வாசலில் வருகிறவர்கள் இன்னும் அவளைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவள் நன்றாகத்தான் சொல்கிறாள். ஆனால் அந்த மத்தியானம் அதில் கிடையாது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கொட்டகையில் இருக்கிற பெண்களுக்கு இன்னும் நன்றாக உறைக்கும். அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பல தடவை வாய் வரை வந்து திரும்பிவிட்டது.

ஐந்தாவது படிக்கிற பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சிரிச்சது போதும், இந்தா, நோட்டப் புடி. மொத பக்கத்துலேர்ந்து எனக்குப் படிச்சிக் காட்டு. உங்கம்மா உள்ள துணி மடிச்சிகினு கீறா, கதவ சாத்தாத. கொஞ்சம் சத்தமா படி.